மெஷின் கயிறு

ஐப்பசி 9, ஞாயிறு

புல்வெட்டும் மெஷினோடு காலையிலிருந்து வாசலில் மாரடித்தேன். ஸ்டார்ட் ஆகவே இல்லை. மழைக்கு அப்புறம் கல்யாண மண்டபத்துப் புல்வெளி கண்டபடி வளர்ந்து கிடக்கிறது. நாளைக்கு வெட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினேன். ஃபில்டரைத் தட்டி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் முக்கிவிட்டு அடங்கியது. கார்புரேட்டர் போய்விட்டது என்று மனைவியிடம் கத்தினேன்.

மஞ்சுளா தறியிலிருந்து எழுந்து வந்தாள். "நவுருங்க, நான் இழுத்துப் பாக்குறேன்." நாளெல்லாம் தறியில் நாடாவை ஓட்டக் கயிறு இழுக்கிற கை. ஒரே இழுப்பு. தெருவே அதிர மெஷின் ஓடியது.

அதை நிறுத்திவிட்டு என் வலது தோளையே பார்த்தாள்.

"எத்தினி நாளா கை இப்படி இருக்குது?"

"மெஷின் கோளாறுமா."

"நாளைக்கு நானும் வரேன். ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு வந்துடுறேன்."

சரி என்றேன். அவள் போன பிறகு பாதியில் அணைந்தால் யார் இழுப்பது? அதற்கு அடுத்த வாரம்?

இரவு சாப்பிடும்போது சோறு விரலிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது.  மஞ்சுளா உள்ளே போய் ஒரு ஸ்பூனை எடுத்து வந்து என் இடது கைப்பக்கம் வைத்தாள்.