அபராதச் சோறு

அப்பா,

பக்கத்து அறையில் குடியிருக்கும் ஆசிரியப் பயிற்சி மாணவி இன்று அரிசி வடிக்கிறாள். புழுங்கலரிசிக் கஞ்சியின் வாசனை என் அறைவரை வருகிறது. நாலைந்து நாளாக டீயும் பன்னுமாக ஓட்டியவள். என்ன விசேஷம் என்று கேட்டேன். "உபகாரச் சம்பளம் வந்துருச்சுங்க டீச்சர்! மொதல்ல அரிசிதான் வாங்குனேன்" என்று சிரித்தாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சேலத்தில் நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்த வருஷம்தான் நீங்கள் லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டீர்கள். எழுந்து நடமாடிய பிறகும் மூட்டை தூக்க முடியவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டுக்குள் வந்த ஒரே பணம் என் உபகாரச் சம்பளம். புத்தகங்களைத் தோழிகளிடம் இரவல் வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தில் அரிசியும் விறகும் வாங்கினேன். ஆனால் உபகாரச் சம்பள மனுவில் நீங்கள் கைநாட்டு வைக்க வந்த அன்றே பயிற்சிப் பள்ளிக் குமாஸ்தா உங்களைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது படிப்புக்குக் கொடுக்கிற சர்க்கார் பணம். வேறெதுக்கும் தொடக்கூடாது, தெரியுதா?" என்று அதட்டியிருந்தார். "ஆகட்டுங்க" என்று கைகூப்பினீர்கள். எல்லாரிடமும் அவர் பாடுகிற பாட்டு அது, மறுநிமிஷமே மறந்திருப்பார். நீங்கள் மறக்கவில்லை. அந்த மனுஷன் வாயில் மண் விழ என்று இன்றும் மனதுக்குள் ஏசுகிறேன்.

நான் வடித்த சோற்றை நீங்கள் தொடவே இல்லை. தட்டு வைத்தால், "பசியில்ல கண்ணு, நீ சாப்புடு" என்று மாதா கோயில் பக்கம் நடையைக் கட்டிவிடுவீர்கள். மூட்டை தூக்கும் பழைய கூட்டாளிகள் கொடுத்த கம்மஞ்சோற்றில்தான் உயிர் ஓடியது. அதுவும் எல்லா நாளும் கிடைக்காது.

"சாப்புட்டாத்தானுங்கப்பா படிக்க முடியும்? அப்பறம் சோறும் படிப்புச் செலவுதானுங்களே" என்று வாதாடுவேன்.

"அது உனக்குச் சரி. படிக்கறது நீயா, நானா?" என்று மடக்கிவிடுவீர்கள்.

ஒருநாள் வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. வந்து பார்த்தால், அடுப்போரம் குந்தி, சட்டியிலிருந்து பழையதை அள்ளித் தின்றுகொண்டிருந்தீர்கள். உப்புகூடப் போட்டுக்கொள்ளவில்லை. என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது. "முடியல அம்மிணி" என்றீர்கள். அப்பா, அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது முகத்தில் வெட்கமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "சர்க்கார் காசத் திருடித் தின்னுட்டேன்னு சொன்னேன். இது பாவமே இல்லைன்னாரு சாமியாரு. பாவந்தான்னு நான் உடாம நின்னேன். அப்பறந்தான் பாவத்துக்குப் பரிகாரமா அபராதம் போட்டாரு."

"என்ன அபராதமுங்கப்பா?"

"புள்ள பாஸாகற வரைக்கும் தெனமும் அவ ஆக்குன சோத்தத் தின்னோணுமாம்."

எவ்வளவு சிரித்தோம்! ஜெபம் சொல்லுகிற சிரத்தையோடு சாப்பிட ஆரம்பித்தீர்கள். ஒருநாள்கூடத் தட்டைத் தள்ளவில்லை. இனி உடம்பு தேறிவிடும் என்று நானும் நம்பினேன். ஆனால் காய்ச்சல் வந்து படுத்தபோது, அத்தனை மாதப் பட்டினி கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. கஞ்சி ஊட்டினேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "அபராதம் பாக்கி நிக்குதே கண்ணு" என்று தவித்தீர்கள். விடிவதற்குள் போய்விட்டீர்கள். பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது.

பாஸாகிவிட்டேன், அப்பா. டீச்சராகவும் ஆகிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: "பானையில் சோறு இருந்த வீட்டில் என் அப்பாவைப் பட்டினி போட்டேன்." அது பாவமே இல்லையம்மா என்கிறார் அதே சாமியார். உங்களிடமும் அப்படித்தான் சொன்னார். நீங்கள் கேட்டீர்களா, நான் கேட்க?