காட்டன் ஃபீல்

செப்டம்பர் 2

முதலாளி தங்கராஜு கடைக்குப் புதிதாக ஒருத்தியைச் சேர்த்திருக்கிறார். பெயர் ரோஷினி. துணியைப் பற்றி டிப்ளமோ படித்தவளாம். துணியைப் பற்றி, மூன்று வருஷம்! நான் இருபத்தாறு வருஷமாக இந்தச் சிராங்கூன் ரோட்டுச் சந்தில் நின்று மீட்டர் மீட்டராகக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எவரும் ஒரு தாள்கூடக் கொடுத்ததில்லை.

வந்த முதல் நாளே ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு சதுரம் வெட்டி அட்டையில் ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். “டெக்ஸ்சர் கார்டு ஆன்ட்டி. கஸ்டமர் தொட்டுப் பாத்து சூஸ் பண்ணலாம்.”

கஸ்டமர் தொட்டுப் பார்த்து! ஜன்னல் திரைத் துணியில் ரவிக்கை தைக்கலாமா என்று கேட்கிற ஜனம் அது.

செப்டம்பர் 5

ரோஷினி இன்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்து இதற்குத் தமிழில் என்ன, அதற்குத் தமிழில் என்ன என்று பிடுங்கினாள். சொன்னேன். க்ரேப் என்றால் விரலுக்கு நெருநெரு என்று இருக்கும். ஆர்கன்சா மொடமொட. வெல்வெட்டை ஒரு பக்கம் தடவினால் வழவழ, எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடிக்கும், மாற்றி வெட்டினால் ஒரே சட்டையில் இரண்டு நிறம் தெரியும். ஸ்லப் என்றால் நூல் தடித்தும் மெலிந்தும் ஓடுகிற துணி, கையில் முண்டும் முடிச்சுமாகத் தட்டும்.

எல்லாவற்றையும் போனில் தட்டிக்கொண்டாள். “மொடமொடக்கு ஸ்பெல்லிங் என்ன ஆன்ட்டி?”

டிப்ளமோ.

இந்தக் கடையில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் வேலை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, “தொட்டாச்சு” என்பேன். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தங்கராஜுவே சரக்கு இறக்கும்போது, “அக்கா தொட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

செப்டம்பர் 9

கவிப்ரியா மறுபடியும் பாலிகிளினிக் புராணம். நான் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்து ஏழு மாதம் ஆகிறதாம். பெற்ற மகள் என்னை விட்டுவிட்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 13

குவீன்ஸ்டவுன் துரைசாமி வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வருஷா வருஷம் தீமிதிக்கு மஞ்சள் துணி என்னிடம்தான் எடுப்பான். இந்த வருஷம் அவனோடு சேர்ந்து பதினாலு பேர் இறங்குகிறார்கள், பதினாலு பேருக்கும் வேட்டிக்கு. “ப்யூர் காட்டன்தானேக்கா? நெருப்புல எறங்குறது, நைலான் கிய்லான் இருந்தா உருகிக் காலோட ஒட்டிக்கும்.”

பழைய மஞ்சள் தீர்ந்துவிட்டது. புது ரோலைப் பிரித்தேன். பார்க்கவே ஸ்லப் காட்டன், முண்டும் முடிச்சும் நன்றாகத் தெரிந்தது. தேய்த்தேன். தொட்டாச்சு என்றேன்.

அப்போது பார்த்து ரோஷினி, “ஆன்ட்டி, ஒரு நூலைக் கொளுத்திப் பாத்துடலாமா? டூ மினிட்ஸ்தான்” என்கிறாள். கஸ்டமர் முன்னால்! “துணிக்கடையில எவளாச்சும் நெருப்பு வைப்பாளா?” என்று கேட்டேன். துரைசாமி சிரித்தான். “அக்கா சொன்னா போதும்லா.”

அவள் முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும்.

துணி கிழிக்க வரவில்லை, கத்தரி போட்டுத்தான் வெட்டினேன். நெசவு நெருக்கம் போலிருக்கிறது.

செப்டம்பர் 14

குண்டூசி டப்பாவைக் கொட்டிவிட்டேன். பொறுக்க அரை மணி நேரம். தங்கராஜு கடை விளக்கைப் பிச்சைக்காரத்தனமாக வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 20

டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். தங்கராஜு பதறி வாங்கி வைத்தார். “அக்கா, கொதிக்குது, எப்படிப் பிடிச்சிருக்கீங்க?” ஒரு டீக்கு இவ்வளவு நாடகம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

அவ்வளவு சூடாக இல்லையே.

செப்டம்பர் 29

மத்தியானம் ரோஷினி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். கையில் மஞ்சள் துணியின் சதுரம். அட்டைக்கு வெட்டியபோது கொளுத்திப் பார்த்தாளாம். “ஆன்ட்டி, நீங்களே பாருங்க. நான் பாஸ்கிட்ட இன்னும் சொல்லல.”

ஒரு நூலை உருவி லைட்டரைக் காட்டினாள். பருத்தி என்றால் காகிதம் கருகுகிற வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். இது சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு மணி போல் இறுகியது. பிளாஸ்டிக் நாற்றம். துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள், உறிஞ்சவே இல்லை, முத்தாக உட்கார்ந்திருந்தது.

ரோலின் லேபிளைத் திருப்பிக் காட்டினாள். காட்டன் ஃபீல் என்று போட்டிருக்கிறது. அதாவது, தொட்டால் காட்டன் மாதிரி இருக்குமாம். காட்டன் இல்லை. பாலியஸ்டர் நூலையே வேண்டுமென்று தடிக்கவும் மெலியவும் விட்டு நெய்திருக்கிறான்.

“லேபிள்ல எழுதியிருக்கிறதைப் படிக்க ஸ்கூல் பிள்ளை போதும்” என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். அவளிடம் அப்படிச் சொல்வதால் என்ன பயன்? லேபிளைப் படிக்காதவள் நான். வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

பதினாலு பேர். நெருப்பு.

கிழியாதபோதே தெரிஞ்சிருக்கணும்டி உமா. பருத்தின்னா கையாலயே சர்ருன்னு கிழியும். உனக்கு ஏன் தெரியல?

செப்டம்பர் 30

கடை திறக்கும் முன்னால் போய், அந்த டெக்ஸ்சர் கார்டிலிருந்து பத்து சதுரத்தைப் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தொட்டேன். வெல்வெட் தெரிந்தது. டவல் துணி தெரிந்தது. அது மாட்டுக்குக்கூடத் தெரியும். மூன்றாவதாகச் சொன்னது குருட்டு அதிர்ஷ்டம். க்ரேப்பைச் சாட்டின் என்றேன். ஆர்கன்சா என் கையில் இருக்கிறது என்பதையே கண்ணைத் திறந்துதான் தெரிந்துகொண்டேன்.

பத்துக்கு மூன்று. எழுதி வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லத் தோன்றும். என் விரல் மரத்துப் போயிருக்கிறது. எத்தனை மாதமாகவோ. சும்மா தேய்த்துத் தேய்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், ஜனமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. கிளி ஜோசியக்காரன்கூட என்னைவிட நேர்மையானவன், அவனுக்குக் கிளியாவது இருக்கிறது.

அக்டோபர் 1

தங்கராஜுவிடம் சொன்னேன். அவர் உடனே சப்ளையரைத் திட்டத் தொடங்கினார். ஏமாத்திட்டான், லேபிளை மாத்திட்டான் என்று. அப்படியே விட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, ஆமாம் ஏமாத்திட்டான் என்று சொல்ல.

“அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். எனக்குத்தான் கையில உணர்ச்சி இல்ல” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறை. உள்ளே போய், அசல் காட்டன் மஞ்சள் ரோல் ஒன்றை எங்கேயோ போன் போட்டு வரவழைத்தார்.

ரோஷினி நூலைக் கொளுத்தினாள். சாம்பல்.

அக்டோபர் 3

துரைசாமி வீட்டுக்குப் போனேன். லிஃப்டில் துணி மூட்டையோடு ஏறியதும் இரண்டு கிழவிகள் இடம் விட்டு நகர்ந்தார்கள், ஏதோ நான் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிறவள் மாதிரி.

அவன் விரதம். காப்புக் கட்டியிருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். “பரவால்லக்கா, அதான் எல்லாருக்கும் ஓரம் அடிச்சுக் குடுத்தாச்சே. ஓடுற ஓட்டத்துல துணியைத் தீ தொடுமா என்ன? அம்மா பார்த்துக்குவாங்கலா.”

எனக்கு வந்த கோபம்! “உன் வேட்டி என்ன துணின்னு பாக்குறதுதான் அம்மாவுக்கு வேலையா? தடுக்கி விழுந்தா என்ன பண்ணுவே? அடுப்பைப் பத்த வை” என்றேன். அவன் மனைவி பயந்துபோய்ப் பற்ற வைத்தாள். அவர்கள் வீட்டு வேட்டியிலிருந்தே ஒரு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். உருகிச் சொட்டியது. சொட்டு அடுப்பு மேடையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை.

பிறகு துரைசாமி கேட்டான். குரலில் கோபமே இல்லை, அதுதான் மோசம்.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியாமப் போச்சு?”

சொன்னேன். விரல், சர்க்கரை, எல்லாம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன், எனக்குத் தொடத் தெரியலைன்னா நான் யாருன்னு பயமா இருந்துச்சு, அதான் — எதற்காக அவ்வளவு சொன்னேன்? வீட்டில் மகளிடம் சொல்லாததை ஒரு கிரேன் டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பதினாலு பேரின் முகவரியையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அக்டோபர் 5

பதினாலும் மாற்றியாயிற்று. ஒருத்தன் புக்கிட் மேராவில், எங்கள் பக்கத்து பிளாக்தான். துணியை வாங்கிக்கொண்டு, “இதையாவது செக் பண்ணீங்களா ஆன்ட்டி?” என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு, “பண்ணியாச்சு” என்றேன்.

அக்டோபர் 7

பாலிகிளினிக். கவிப்ரியா லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள், தப்பி ஓடிவிடுவேன் என்று. கண்ணை மூடச் சொல்லி நர்ஸ் ஏதோ இழையால் விரலைக் குத்திக் குத்தி, “தெரியுதா? இப்ப தெரியுதா?” என்று கேட்டாள். அவள் சிரித்த முகமாகவே கேட்டாள், எனக்குத்தான் அழுகை முட்டியது. கண்ணைத் திறந்து பார்த்தேன். நைலான் இழை. அதைக் கண்ணால்தான் சொன்னேன்.

இதற்குமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். போனது திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கவிப்ரியா வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

அக்டோபர் 12

தீமிதி முடிந்தது. பதினாலு பேரும் நல்லபடியாக இறங்கி வந்துவிட்டார்களாம்.

அக்டோபர் 17

தீபாவளிக் கூட்டம். கடைக்குள் நிற்க இடம் இல்லை. ஒருத்தி ஜிகினா தைத்த சீக்வின்ஸ் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அரிக்கிறது என்கிறாள். அரிக்காமல் ஆசீர்வாதமா பண்ணும்?

துரைசாமி மனைவியோடு வந்தான். ஒரு க்ரேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து நீட்டினான். “அக்கா, இது…” என்று தொடங்கி, அப்படியே நிறுத்தினான். துணியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ரோஷினியிடம் திரும்பினான். “தங்கச்சி, நீ கொஞ்சம் தொட்டுப் பாரேன்.”

நான் சங்கடப்படக் கூடாதென்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். நல்லவன். நாசமாய்ப் போக.

ரோஷினி துணியைத் தேய்த்துப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். “சில்க் இல்லண்ணே, பாலியஸ்டர் க்ரேப். நெருநெருன்னு இருக்கு, ஆனா சில்க்குன்னா தேய்ச்சதும் வெதுவெதுப்பாகும், இதுல குளிர்ச்சி போகல” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். துரைசாமியும் பார்த்தான், அவன் மனைவியும் பார்த்தாள்.

“அவ சொன்னா சரிதான்” என்றேன்.

அவன் மனைவிக்கு அந்த நிறம் பிடித்திருந்தது. நாலு மீட்டர் அளந்து வெட்டிக் கொடுத்தேன்.