நைட்ரஜன் இல்லாமலும் வந்த கோடு

என் ரேவதி அக்கா,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். இருந்திருந்தாலும் இன்று உன் முகத்தில் விழிக்க எனக்குத் துணிச்சல் கிடையாது.

போன மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனபோது நம் வேலை முடியவில்லை. இரண்டு வைர முனைகளுக்கு நடுவே பிளாட்டினத் துகளையும் நைட்ரஜனையும் வைத்து நெருக்கி, லேசரால் சுட்டு, இரண்டையும் நைட்ரைடு என்ற ஒரே பொருளாக்கும் வேலை. கண்ணுக்கே தெரியாத அந்த நானோ துகளில் எக்ஸ்ரே பிடித்தபோது புதிதாக ஒரு கோடு தெரிந்ததும் நான் குதித்தேன். நீதான் அடக்கினாய்: "இருடா. நைட்ரஜனுக்குப் பதிலா, எதோடயும் சேராத ஆர்கான் போட்டு ஒரு தடவை சுட்டுப் பாரு. வைரமும் கார்பன்தானே? அதுவே பிளாட்டினத்தோட சேர்ந்துக்கும்."

அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில். நான் சுட்டுப் பார்க்கவில்லை. வைரம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையை அனுப்பினேன். அதை அஞ்சலி என்று வேறு நினைத்தேன். உன்னை வங்காளத்தில் தீதி, அக்கா, என்று கூப்பிட்ட லேப் மொத்தமும் அழுதது.

உங்கள் டாக்குரியா வீட்டில் மாமி, உன் அம்மா, அதன் முதல் பக்கத்தை ஃபிரேம் போட்டு மாட்டினார். கரியாஹாட் காய்கறிக்காரரிடம்கூட, என் பெண் காற்றையும் பிளாட்டினத்தையும் ஒன்றாக்கினாள் என்று சொல்வாராம்.

கட்டுரையைப் படித்த வெளியூர் விஞ்ஞானி ஒருவர், அந்தக் கோடு கார்பனால் வந்ததில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதினார். பதில் சொல்வதற்காக ஆர்கான் நிரப்பிச் சுட்டேன். அதே கோடு, அதே இடத்தில். நாம் செய்தது நைட்ரைடே இல்லை, அக்கா.

கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். அந்த அறிவிப்பிலும் உன் பெயர்தான் முதலில் நிற்கும். ஓர் அளவைக்கூடச் சரிபார்க்காமல் வெளியே விடாதவள் நீ. வெட்கமாக இருக்கிறது. வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை போய் மாமியிடம் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"அவ பேரைப் போடறச்சே அவ இல்லே. கேட்டிருக்க முடியாது, சரி. அவ சொன்னதைச் செஞ்சிருக்கலாமேடா?"

ஃபிரேமைக் கழற்ற எழுந்தேன். "நீ தொடாதே," என்றார். நாற்காலி போட்டு ஏறி அவரே கழற்றினார். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக்கூட விடவில்லை.

இந்தச் சோதனையை நீ கேட்டாய், நான் செய்யவில்லை என்பதை அறிவிப்பின் முதல் வரியாக எழுதுவேன். அனுப்பும் முன் மாமியிடம் படித்துக் காட்டுவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றாவது படிப்பேன்.

அக்கா என்று கூப்பிட இன்னும் உரிமை இருந்தால்,
உன் தம்பி