பால்கனி ஏசியும் அப்பாவின் கோட்டும்

ஸ்லிவென்,
ஜனவரி, பனி கொட்டும் ஞாயிறு

என் கண்ணு காலோயனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நேவெனா எழுதுகிறாள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த ஸ்டுட்கார்ட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். என் வலது கை இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது, அதனால்தான் கையெழுத்து இவளுடையது. (கையில்தான் கட்டு அண்ணா, வாயில் ஒரு கட்டுப்பாடும் இல்லை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அம்மாவுக்குத் தெரியாது. மாவுக்கட்டின் மேல் மீசை வைத்த பூனை வரைந்திருக்கிறேன், அதுவும் இன்னும் தெரியாது.) ஜெர்மனி பஸ் டிரைவர் மித்கோவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன். மிளகாய் விழுது, தேன், கம்பளிக் காலுறை எல்லாம் இருக்கிறது. ஊறின முட்டைக்கோஸ் மட்டும் இல்லை. பீப்பாயின் உப்புத் தண்ணீரை வடித்து வடித்துத் திரும்ப ஊற்றுவது உன் அப்பாவின் வேலை, இந்த வருஷம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, மூடியைத் திறந்தால் எல்லாம் கொழகொழவென்று போய்விட்டது. கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டும்போது அழுதேன், முட்டைக்கோஸுக்கு அழுகிற முதல் பைத்தியம் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணு, போனில் நீ கேட்டபோது ரொட்டிக் கடை வாசலில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேனே, அது பொய். இவள் உன்னிடம் தனியாக, "அம்மா பால்கனில அப்பாகூட பேசறா, எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொன்னதும் எனக்குத் தெரியும். (சொன்னேன். அதில் விளையாட்டு இல்லை.) நீ உடனே, "முதல்ல அந்த ஏசியைக் கழட்டிப் போடச் சொல்லு, சூட்டுக்கு ஒரு ரேடியேட்டர் வாங்கித் தரேன், வெயில் வந்ததும் வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க"ன்னு முடிவு கட்டிவிட்டாயாம். முடிவு கட்டுவதற்கு முன்னால் நடந்தது முழுவதையும் கேட்டுவிடு.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க நீ முதல் சம்பளத்தில் வாங்கி மாட்டிக்கொடுத்த பெட்டி அது. உன் அப்பா அதைத் திட்டாத நாள் கிடையாது. (ஏசியை ஏசியே பொழுதைக் கழித்தார்.) ஆனால் முதல் குளிர்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா, ஊரில் அத்திமரத்துக்குக் குளிர் படாமல் சுற்றுகிற மாதிரி வெளியே இருக்கிற பெட்டியைப் பழைய கம்பளியாலும் நைலான் தாளாலும் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார், பையன் வாங்கிக்கொடுத்தது உறைந்துபோகக் கூடாதாம். அது மூச்சு முட்டி நின்றே போய்விட்டது. பழுது பார்க்க வந்த பிள்ளை சிரித்து சிரித்து, "ரங்கெல் ஐயா, கழுத்தை நெரிச்சிட்டுப் பாடுன்னா யாராலதான் பாட முடியும்"னான். அதற்கப்புறம் கட்டவில்லை. ஆனால் கீழ்வீட்டு திமானா ஒருநாள் படியேறி வந்து, "உங்க ஏசி என் காயப்போட்ட துணி மேல ஒண்ணுக்குப் போகுது, ரங்கெல், அதுக்கொரு டயப்பர் வாங்கிக் கட்டுங்க"ன்னு கத்தினாள் இல்லையா, அன்றிலிருந்து பாலாடைக்கட்டி வாங்கின வெள்ளை வாளியை அதற்கு அடியில் வைத்தார். தினமும் சாயங்காலம் போய் வாளியைக் கொட்டுவார், பெட்டியின் காலடியில் சேர்ந்த பனிக்கட்டியை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைப்பார், தரையில் உப்புத் தூவுவார். இதெல்லாம் எனக்குத் திமானா சொல்லி இப்போதுதான் தெரியும். நான் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக எழும்புகிற புகை. சிகரெட்டுக்காகத்தான் போகிறார் என்று நினைத்துக் கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்த் திட்டுவேன். அவரும் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கோட்டுக்குள் விடுவார்.

அக்டோபரில் அவர் போய்விட்டார். நாற்பதாம் நாள் கோதுமை அவித்துக் கல்லறையில் பங்கிட்டுவிட்டு நீயும் பஸ் ஏறிவிட்டாய். கட்டட வாசலில் அவர் படம் போட்டு ஒட்டின இரங்கல் தாள் மழையில் நைந்து, மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. பிறகு குளிர் வந்தது, "கரண்டு காசைப் பாக்காதீங்க, ஏசியைப் போட்டு விடுங்க"ன்னு நீ சொன்னாய், போட்டோம். அன்றைக்கு வெளியே மூக்கு உறைகிற குளிர். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், திடீரென்று ஏசி காற்று விடுவதை நிறுத்திக்கொண்டது. அவரைக் கூப்பிடத் திரும்பினேன். பால்கனி திரைக்குப் பின்னால் புகை, அவர் நிற்கிற அதே மூலையில், அவர் தலை உயரத்தில். கண்ணு, நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒரு நிமிஷம் அது போன வருஷம். ஆணியில் தொங்கின கோட்டை எடுத்தேன், கதவைத் திறந்தேன், "எத்தனை தடவை சொல்றது, மார்ல சளி கட்டிக்கப் போகுது"ன்னு சொல்லிக்கொண்டே கால் வைத்தேன். வாளி வைக்க ஆள் இல்லாத தரை, சொட்டின தண்ணீரெல்லாம் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெட்டிதான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை. கை ஒடிந்தது அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு அவர் இரண்டாம் தடவை செத்தது அங்கேதான். (நான் ஓடிவந்து, "அம்மா, பனிச்சறுக்குப் போட்டிக்கு வயசு வரம்பு இருக்கு"ன்னு சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.)

அந்தப் பழுது பார்க்கிற பிள்ளையையே வரவழைத்தேன், பெட்டி எரிந்துபோய்விட்டதா என்று கேட்டேன். "கெட்டுப் போகலம்மா. குளிர்ல அது மேலயே பனி படிஞ்சிடும். அப்ப வீட்டுக்குச் சூடு தர்றத நிறுத்திட்டு, தன் மேல படிஞ்சதத் தானே உருக்கிக்கும். அதான் ஆவி. கத்தியால குத்தாதீங்க, சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்காதீங்க, கொஞ்ச நேரம் விட்டீங்கன்னா திரும்ப அதுவா சூடு தரும்"ன்னு சொல்லிவிட்டுப் போனான்.

இதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தேன். ஏசியைக் கழட்டச் சொல்லாதே. நானும் இப்போது இந்த வீட்டுக்குச் சூடு தரவில்லை, எனக்கே தெரிகிறது, இவளுக்குச் சரியாகச் சமைப்பதில்லை, நீ போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறேன். புகை எழும்பினால் பேசுகிறேன், ஆமாம். பதில் வராது என்பதும் தெரியும். நான் கெட்டுப் போகவில்லை கண்ணு. கொஞ்ச நேரம் விடு. (அம்மா இங்கே நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனாள். என்னிடம் நக்கல் ஒன்றும் மீதி இல்லை அண்ணா.)

நீ ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. கடவுளும் மாதாவும் உன் கூடவே இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். அரை வருஷத் திதிக்குக் கட்டாயம் வா, கல்லறைக்குச் சேர்ந்து போவோம். வெள்ளை வாளியை அதன் இடத்தில் வைத்துவிட்டேன், உப்பும் தூவுகிறேன், பயப்படாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஸ்தான்கா

(அம்மா கையெழுத்தை இடது கையால் போட்டாள், கோழி கிறுக்கினது போல இருக்கிறது, மன்னித்துவிடு. இன்னொன்று. நேற்று புகை எழும்பினபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு போனது நான். ஏசியைக் கழட்ட வேண்டாம் அண்ணா.)