அடிவரை இழுத்த பெயர்

ஜூன் 3, செவ்வாய்
வெயில். திண்டுக்கல்லையே கொதிக்கிற எண்ணெயில் போட்டுத் திருப்பி எடுத்த மாதிரி. மலைக்கோட்டைப் பாறையில் தோசை ஊற்றலாம், ஊருக்கே போதும்.

இன்று சரித்திர நாள். நானும் கூட வேலை பார்த்த காதரும் பள்ளிக்கூட நாளிலிருந்து எழுதிச் சேர்த்த கணக்குப் பயிற்சித்தாள்கள் இணையத்தில் உலகம் ஏறின. தாள்கள்கூட இல்லை, அவற்றின் விவரச் சீட்டுகள். என்ன பாடம், எந்த வகுப்பு, என்ன மொழி, எழுதியவர் யார், தாள் எங்கே கிடைக்கும். வழி சொன்னது அக்கா மகள் ஜெனி.

"தலைமை ஆபீஸே கிடையாது மாமா. எந்தக் கம்பெனி கையிலயும் இல்ல. உங்க சாவியில, அதான் உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசிய நம்பர்ல, கையெழுத்துப் போட்டு விட்டா, ஊர் ஊரா இருக்கிற சர்வர் எல்லாம் ஆளுக்கொரு காப்பி எடுத்து வச்சுக்கும்."

தலைமை ஆபீஸ் இல்லாத உலகம்! வாத்தியாராக இருந்த காலமெல்லாம் நான் கேட்ட வரம். காதர், "நீயே பாத்துப் போடுலே" என்று விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் அட்டவணையில் மொத்தம் 130 வரிசை. 'எழுதியவர்' கட்டத்தில் முதல் வரிசைக்கு என் பெயரை அடித்து, மவுஸைப் பிடித்து அடிவரை இழுத்தேன். ஒரே இழுப்பு. சக்கரவர்த்திகள் இப்படித்தான் நாடு பிடித்திருப்பார்கள்.

"எல்லாமே உங்களுதா மாமா?"

"பின்னே, உங்கப்பனா வந்து எழுதுனாரு?"

சிரித்தாள். அனுப்பியாயிற்று.

ஜூன் 4, புதன்
காற்றே இல்லை. புகழ் மட்டும் வீசுகிறது. யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் நன்றி. பினாங்கிலிருந்து ஒருவர், அருளப்பன் அய்யா, அருளப்பன் அய்யா என்று நாலு தடவை. எல்லோரும் கொண்டாடுவது தாளின் கடைசிக் கணக்கை. வத்தலக்குண்டில் பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பிய கொடைக்கானல் பஸ், சின்னாளப்பட்டிச் சேலையின் நீளம். அதெல்லாம் காதர் கணக்கு. காலை நடையில் எதைப் பார்த்தாரோ அதுதான் அன்றைய தாளின் கடைசிக் கேள்வி. என் தாள்களில் அப்படி எதுவும் இருக்காது.

எழுதிய பதினொரு பேருக்கும் 'நன்றி' என்று பதில் போட்டேன்.

வாங்க: பி.பி. மாத்திரை, தக்காளி, ஜெனிக்கு மிக்சர்.

ஜூன் 5, வியாழன்
டீக்கடை. காதர் போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"யாரோ அனுப்புனாங்க. நல்லாருக்கு."

"மாப்ளே, அது இழுக்கும்போது..."

"இதுல நான் எழுதுனது எம்புட்டு?"

"எழுபத்து நாலு."

"எண்ணித்தான் வச்சிருக்க."

எழுந்தார். "பரவாயில்ல சார். பிள்ளைங்க படிச்சாச் சரி."

சார். ஹெட்மாஸ்டர் முன்னாலேயே "ஏலே அருளு" என்று கூப்பிட்ட வாய்.

ஜூன் 6, வெள்ளி
விடிந்ததும் ஜெனி வீடு. அழி என்றேன்.

"அழிக்கச் சொல்லிக் கேக்கலாம் மாமா, அம்புட்டுத்தான். சில சர்வர் கேக்கும். சிலது கண்டுக்காது. அன்னைக்கே கேட்டேன்ல?"

அழிக்கச் சொல்லிக் கேட்டோம். எழுபத்து நாலுக்கும் காதர் பெயரில் புதுச் சீட்டு போட்டோம். பழையதும் பல இடங்களில் உயிரோடு. தலைமை ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் காலில் விழுந்திருப்பேன். விழக் காலே இல்லை.

எழுதி வைக்கிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை. இழுத்தது கை தவறு. ஜெனி கேட்டபோது 'பின்னே' என்றது கை தவறு இல்லை.

ஜூன் 7, சனி. பக்ரீத்
பேகம்பூர் காதர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் பிரியாணி வந்தது. ஆட்டோக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் காதரே கொண்டுவந்து, எதிரில் உட்கார்ந்து, "எலும்பையாவது விடுலே" என்பார்.

போன் போட்டேன். வாழ்த்து சொன்னேன். மாற்றிவிட்டதையும் சொன்னேன்.

"உங்க கையெழுத்துல எம்பேரு எதுக்கு சார்? அதை எடுத்துருங்க. நானே போட்டுக்கிறேன்."

ஜெனியிடம் எடுக்கச் சொன்னேன். பிறகு மூன்று தட்டு சாப்பிட்டேன். வெட்கங்கெட்ட நாக்கு.

ஜூன் 10, செவ்வாய்
சாயங்காலம் பத்துச் சொட்டு மழை. எண்ணினேன்.

காதர் புதுச் சாவி எடுத்து, எழுபத்து நாலையும் தானே போட்டிருக்கிறார். கீழே பினாங்குக்காரர்: "அருளப்பன் அய்யாவின் தாள்களை எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறார் இவர். அய்யாவின் சீட்டில் உள்ள தேதியைப் பாருங்கள்." நாற்பது பேர் பகிர்ந்துவிட்டார்கள். ஒருவர் 'திருடர்' என்றே எழுதியிருக்கிறார். சாட்சி, என் கையெழுத்து.

அங்கேயே எழுதினேன்: "இவை காதர் எழுதியவை. திருடியவன் அருளப்பன்."

பினாங்கு பதில்: "திருடியவரையும் காப்பாற்றப் பார்க்கிறீர்களே, எவ்வளவு பெரிய மனசு அய்யா!" அதன் கீழே வரிசையாகக் கும்பிடு.

மறுபடி எழுதினேன்: "சத்தியமாக நான்தான்."

அதற்கும் கும்பிடு.