உட்கார்ந்து போட வேண்டிய கையெழுத்து

மார்ச் 4

நூலகர் அம்மாளுக்கு,

உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்கள் வந்து சேர்ந்தன. பென்சிலால் குறி போட்ட இடங்களில் எல்லாம் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை. பிடிவாதம் என்று நினைப்பாய். உண்மை என்னவென்றால், என்னால் உட்கார முடியவில்லை.

அதே இடம்தான். வால் எலும்புக்கு மேலே, அதே பைலோனிடல் சைனஸ் புண். ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது மறுபடி சீழ். அலுவலகத்தில் மேசைமேல் பெட்டி வைத்து, அதன்மேல் பலகை வைத்து, நின்றபடியே நில வரைபடம் போடுகிறேன். "என்ன சார், தேசிய கீதமா?" என்று மேலதிகாரி கேட்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த முறை வேறு மருத்துவர். "வெட்டித் திறக்க வேண்டாம் சார். முடி தோலுக்குள்ள போய்ப் பாதை போட்டிருக்கு. அதைச் சுத்தம் பண்ணி, மெல்லிசா ஒரு லேசர் இழையை உள்ள விட்டு, சுட்டுக்கிட்டே வெளிய எடுத்துடுவேன். மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். பிறகு, "வீட்ல காயத்தைப் பாத்துக்க யார் இருக்கா?" என்றார். யாருமில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

உன்னைக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. வந்தால் நூலகம் முழுக்கச் சொல்வாய். உன் தோழிகள் பரிசுத்தாளில் சுற்றி, பத்துப் பேர் முன்னால் என் கையில் கொடுத்த அந்த வளையத் தலையணையை நான் மறக்கவில்லை.

சட்டப்படி இன்னும் உன் கணவன்


மார்ச் 11

என்னங்க,

'அன்புள்ள' என்று எழுதப் பேனா ஓடவில்லை. பழைய பழக்கத்தில் இப்படித் தொடங்குகிறேன்.

லேசர் என்பது நல்ல செய்தி. போன முறை உங்கள் முதுகடியில் இருந்தது என் உள்ளங்கை நீளத்துக்குத் திறந்த காயம். தினமும் காலை ஆறு மணிக்குப் பழைய துணியை உருவி எடுத்து, கழுவி, புதுத் துணியை ஆழம்வரை திணிக்க வேண்டும். தொண்ணூற்றொரு நாள் செய்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தபடி, "கையா இரும்பா?" என்பீர்கள்.

நாற்பதாவது நாள் நூலகத்தில் மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்தவர்கள் காரணம் கேட்டார்கள். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உங்களுக்கு உட்கார வசதியாக இருக்கட்டும் என்று நான்கு கடை ஏறி அந்தத் தலையணையைத் தேடி வாங்கினார்கள். நீங்கள் அதைப் பரணில் எறிந்துவிட்டு, ஒரே வீட்டில் இரண்டு வருடம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். 'பால் தீர்ந்துவிட்டது' என்று சமையலறையில் சீட்டு எழுதி வைத்தீர்கள். அதனால்தான் நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன்.

சிகிச்சை முடியட்டும். உட்கார முடிந்ததும் கையெழுத்துப் போடுங்கள்.

நூலகர்


ஏப்ரல் 20

உனக்கு,

மார்ச் 23 அன்று முடிந்தது. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு செய்தார்கள். இடப்பக்க ஓட்டை வழியாகத்தான் லேசரை விட்டதாக மருத்துவர் சொன்னார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் நானே ஆட்டோ பிடித்து, ஒருக்களித்து உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். துணி திணிக்கும் வேலையே இல்லை. யாரும் தேவைப்படவில்லை என்பதை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நேற்றிலிருந்து உள்ளாடையில் ஈரம். சில வாரம் கசியலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் தரையில் கண்ணாடியை வைத்துக் குந்திப் பார்த்தேன். வலப்பக்கத்தில் ஓர் ஓட்டை. புதிது. மருத்துவர் வெளிநாடு போயிருக்கிறார், மே முதல் வாரம்தான் வருவார். வேறு யாரிடமும் காட்ட மனம் வரவில்லை.

அளவெடுத்து வரைந்து இணைத்திருக்கிறேன். அந்த இடத்தை முழுசாகப் பார்த்தவள் நீ ஒருத்திதான். மறுபடி திறந்து போட வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. கெஞ்சவில்லை. கேட்கிறேன்.

நான்


ஏப்ரல் 24

என்னங்க,

படம் வந்த அன்றே எழுதுகிறேன். உங்கள் உடம்பின் வலப்பக்கத்தில் எதுவும் இல்லை. பழைய தழும்பையும் வலப்பக்கம் வளைத்து வரைந்திருக்கிறீர்கள். அது இடப்பக்கம் வளையும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இருபது வருடம் ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை வரைந்தவர், கண்ணாடி இடத்தை வலமாக்கும் என்பதை மறந்துவிட்டீர்கள். நீங்கள் பார்த்தது லேசர் போன அதே இடப்பக்க ஓட்டை. இன்னும் மூடவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் நான் மருத்துவர் இல்லை. காய்ச்சலோ வீக்கமோ வந்தால் அவருக்காகக் காத்திருக்காதீர்கள், வேறு ஒருவரிடம் போங்கள். வெட்கத்தைப் பரணில் போடுங்கள்.

நான் வர வேண்டும் என்றால் வருகிறேன். ஆனால் சீட்டு எழுதிக் கூப்பிடாதீர்கள். வாயால் கூப்பிடுங்கள். என் எண் மாறவில்லை.

நூலகர்


மே 9

உனக்கு,

மருத்துவர் பார்த்துவிட்டார். "அதே ஓட்டைதான் சார், மூடிக்கிட்டு வருது. பயந்துட்டீங்களா?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். மறுபடி வராது என்று சத்தியம் செய்ய மாட்டாராம். அந்த இடத்தில் முடி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை மருத்துவமனையில் ஒரு செவிலியர் மழித்துவிடுவார்.

உன் எண்ணை மூன்று முறை அழுத்தினேன், மணி அடிக்கும் முன் நிறுத்தினேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய். வந்து, என் முதுகுப் பக்கமே மறுபடி உட்கார்ந்திருப்பாய். நான் மறுபடி சுவரைப் பார்த்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

நேற்று இரண்டு கண்ணாடி வைத்துப் படத்தைத் திருத்தி வரைந்தேன். இடம் இப்போது இடத்தில் இருக்கிறது. பழைய தழும்பை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. அது வெறும் ஆறிப்போன தழும்பு. நீ பார்த்தது அதன் உள்பக்கத்தை, அதுவும் காலையில் வெறும் வயிற்றில்.

பத்துப் பேர் முன்னால் கொடுத்தது தப்புதான், அதில் என் கோபம் போகவில்லை. ஆனால் தலையணையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். அதன்மேல் உட்கார்ந்து, பென்சில் குறி போட்ட ஏழு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்கு கடை ஏறியவர்களிடம், வசதியாக இருக்கிறது என்று சொல்.

நில வரைவாளர்