டிராக்டரைத் தேட வேண்டாம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். என் தம்பி வந்தால் அவனுக்கும் போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டாம், மறுபடி ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஒரு வாரமாக நம் குட்டி டிராக்டர் கொட்டகையில் நிற்கிறது. எந்த ஆயில் ஊற்றுவது என்று நீங்கள் இருவரும் கத்திக்கொண்டிருக்கிறீர்கள். "காருக்கு வாங்கினது மிச்சம் இருக்கு, அதையே ஊத்துவோம்" என்கிறீர்கள் நீங்கள். "லாரிக்கு ஊத்துறதுதான் மச்சான் கெட்டியா இருக்கும்" என்கிறான் அவன். அதற்குள் தோட்டத்தில் களை என் இடுப்புக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் மட்டும் இருவரும் ஒரே கட்சி. "உனக்கென்ன தெரியும்? போய் டீ போடு!"

டீ போட்டேன். பிறகு கையில் கிடைத்த துணியை எடுத்துப்போய், ஆயில் ஊற்றும் மூடியில் அப்பியிருந்த அழுக்கைத் துடைத்தேன். 'டீசல் இன்ஜின் ஆயில், 15W-40' என்று மூடியிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. கடையில் அதையே கேட்டு வாங்கினேன். பழசை வடித்து, ஃபில்டரை மாற்றி, அளவுக் கம்பியின் மேல்கோடு வரை ஊற்றினேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அதனால் கொட்டகை காலி என்று அலறாதீர்கள். அதில்தான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோபமெல்லாம் இல்லை. இருந்தது, போகிற வழியில் குறைந்துவிடும்.

சாயங்காலம் வந்துவிடுவேன். டீ போட்டு வையுங்கள்.

பி.கு: மாற்றுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று: நாளைக்குப் போட எடுத்து வைத்த வெள்ளைச் சட்டையைத் தேடுவீர்கள். அது இப்போது வெள்ளை இல்லை.